புண்ணாக்குத் திருடர்கள்

மிராசுதார் சபாபதிக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம். அதுவும் ஏழைகள் மேல் மட்டும். அவருடைய செவலைக் கன்று தினம் புண்ணாக்குத் தின்றும் எலும்பும் தோலுமாய் நின்றது. வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது.

"என் புண்ணாக்கைத் திருடுறது யாருடி?" என்று தொழுவத்தில் வேலை செய்யும் அங்கம்மாளிடம் பாய்ந்தார்.

"கன்னுக்கு வயித்துல பூச்சிங்க ஐயா. நாலு மாசமா தொண்டத்தண்ணி வத்தக் கத்துறேன், மருந்து குடுக்க விட மாட்டேங்கிறீங்களே!"

"என் வீட்டுக் கன்னுக்குப் பூச்சியா? காலையில திருடனைக் கொண்டா. ஊர் பார்க்க இந்தத் தூணுல கட்டுறேன். இல்லாட்டி உன்னைக் கட்டுவேன்!"

"திருடன் வந்தா உங்க கையாலேயே கட்டுவீங்களா?"

"கட்டாம விடுவேனா!"

அங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. வேப்பிலை, பாகல் இலை, பிரண்டை எல்லாம் அரைத்து, வெல்லத்தில் உருட்டிக் கன்றின் வாயில் திணித்தாள்.

காலையில் ஊரே கூடிவிட்டது. அவள் தூணடியில் ஒரு வாழையிலையை வைத்தாள். அதில் கன்று போட்ட சாணி. சாணிக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் புழுக்கள் நெளிந்தன.

மிராசுதார் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

"எங்கே போறீங்க ஐயா? நீங்க கேட்ட திருடனுங்க வந்துட்டாங்க, உங்க கையாலேயே கட்டுங்க," என்றாள் அங்கம்மாள். "கயிறு இவனுங்களுக்குத் தடிமன். தையல் நூல் கொண்டாந்திருக்கேன்."