ராஜா கேட்ட இங்கிலீஷ் பட்டம்

செங்கழனி ராஜா உத்தண்ட வேலப்பருக்குப் பட்டங்கள் என்றால் உயிர். கட்டியக்காரன் எல்லாவற்றையும் கூவி முடிப்பதற்குள் சபையில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

அந்தக் கோடையில் ஊர்க் கிணறுகள் வற்றிவிட்டன. அரண்மனைக் குளத்தில் மட்டும் தண்ணீர் ததும்பியது. ராஜாவின் அன்னங்கள் நீந்த வேண்டாமா? குளத்துக் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சி, சபைப் புலவர் அம்பலக்கூத்தருக்கு அலுத்துவிட்டது.

அப்போது விருந்துக்கு வந்த துரை ஒருவர், பேச்சுவாக்கில் 'ஆல்ட்ரூயிசம்' என்றார்.

"ஓய் கூத்தரே, அது என்ன?" என்றார் ராஜா.

"தன்னலத்துக்கு எதிரான குணம், மகாராஜா. பிரெஞ்சு அறிஞர் ஒருவர் உண்டாக்கிய சொல். 'மற்றவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் வேர்."

"அடடே, என்னைப் பார்த்துத்தான் உண்டாக்கியிருக்கிறான்!"

திவான் சேஷகிரி முந்திக்கொண்டார். "பட்டமாகவே சூட்டிவிடலாம். கூத்தர் கட்டியம் எழுதட்டும். முடியாதென்றால் மூட்டை கட்டட்டும்."

"எழுதுகிறேன். சாட்சி வேண்டுமே?" என்றார் கூத்தர்.

செங்கழனியில் அப்படி ஒரு வழக்கம். புதுப் பட்டம் சொல்லும்போது அதற்குச் சாட்சி சபையில் இருக்க வேண்டும். 'புலி கொன்ற வேலர்' பட்டத்துக்குப் புலித்தோலை விரித்தார்கள். புலியைக் கொன்றது யார் என்பது வேறு கதை.

"இதற்கு எது சாட்சி?"

"மற்றவர்தான், மகாராஜா."

தெருவில் காலிக் குடத்தோடு போன மாரக்காள் என்ற பெண்ணை அழைத்து வந்தார்கள்.

"நான் உனக்குச் செய்த நன்மையைச் சொல், அம்மா."

"கொஞ்சம் யோசிச்சுக்கிறேன் சாமி."

நெடுநேரம் யோசித்தாள். ராஜா பணியாளரை ஏவினார். "இவளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொடுங்கள்!"

"நான் நல்லதாச் சொல்லிடுவேன் சாமி. தெருக்காரங்க சொல்லுவாங்களா?"

குளத்துக் கதவு திறந்தது. மழை வரும்வரை மூடுவதில்லை என்று முரசும் அறைந்தாயிற்று.

"இனி பட்டத்தைச் சொல்லும்!"

"எப்படிச் சொல்வேன், மகாராஜா? பட்டத்துக்காகத் திறந்தால் அது தன்னலம். பட்டம் வேண்டாம் என்றால்தான் பொருந்தும்."

"சரி, வேண்டாம்."

"இப்போது பொருந்துகிறது. ஆனால் வேண்டாம் என்றவருக்கு எப்படிச் சூட்டுவது?"

ராஜா முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஊருக்காக வேலையையே பணயம் வைத்தீர். அந்தப் பட்டம் உமக்குத்தான் ஓய்!"

கூத்தர் அவசரமாகக் கும்பிட்டார்.

"ஐயோ, எனக்கு வேண்டாம் மகாராஜா. அதற்குப் பதிலாக ஒரு கறவை மாடு கொடுங்கள்."