வெள்ளித் தட்டில் சூல முத்திரை

மிராசுதார் ரத்தினசபாபதி புது வெள்ளித் தட்டு ஒன்றைத் தட்டார் வேலப்பனிடம் நீட்டினார்.

"பாட்டன் காலத்து முத்திரை ஒண்ணு இதுல அடி. முடியாதுன்னா என் கடையைக் காலி பண்ணு."

வேலப்பன் அடித்துக் கொடுத்தான்.

கல்யாணப் பந்தியில் மிராசுதார் தட்டைத் தூக்கிக் காட்டினார். "எங்க பாட்டன் சொத்து!"

கோயில் தர்மகர்த்தா அதைத் திருப்பிப் பார்த்தார். "அம்மன் கோயில் சூல முத்திரையாச்சே! உங்க பாட்டன்கிட்ட எப்படி வந்துச்சு?"

மிராசுதார் பந்தியில் இருந்த வேலப்பனை முறைத்தார்.

"அந்தக் காலத்துல ஊர்ல கோயிலுக்கு மட்டுந்தானுங்க முத்திரை," என்றான் வேலப்பன். "தட்டு பழசா புதுசான்னு ஐயாவே சொல்லட்டும்."

பழசென்றால் பாட்டன் திருடன். புதுசென்றால் பேரன் புளுகன். ஐயா தட்டைத் திரும்ப வாங்கினார்.

"பாட்டன் அம்மனுக்கு நேர்ந்துகிட்டு முத்திரை அடிச்ச தட்டு. கொடுக்க மறந்துட்டார்," என்று அதைத் தர்மகர்த்தாவின் கையில் வைத்தார்.

கடையைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.