சட்டைப் பையில் இரண்டு மூடிகள்

தீர்ப்புச் சொல்வதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவரா நீங்கள்? அப்படியானால் தூத்துக்குடியில் நடந்த இந்த வழக்கைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள்.

மிக்கேலின் மகள் ஜெனோவாவுக்குப் பிறவியிலேயே உடம்பு வேர்க்காது. ஐந்து வயதுப் பிள்ளை. வெயில் பட்டால் உடம்பு அனலாய்க் கொதித்துவிடும். மதுரை டாக்டர் அன்று மாலை ஐந்து மணிக்குள் வரச் சொல்லியிருந்தார். மறுநாள் அவர் வெளிநாடு போகிறார். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, நேரம் பார்த்து மிக்கேலின் காரில் ஏசி படுத்துவிட்டது.

காலை எட்டு மணிக்கே ஆவுடையப்பனின் கார் பட்டறையில் போய் நின்றான். ஆவுடையப்பன் இன்னொரு பட்டறை திறக்க இருந்த சமயம் அது. அவரிடம் வேலைபார்த்த மூவருக்குமே அதன் பொறுப்பின் மேல் ஒரு கண்.

"இந்தப் புள்ள மதுரை போய்ச் சேருத வரைக்கும் வண்டிய குளிர வைக்கிறவங்களுக்குத்தான் புதுப் பட்டறை" என்று சொல்லிவிட்டார் அவர்.

மூவரில் சுயம்பு காருக்கு அடியில் படுத்தான். ஏசித் தண்ணீர் வடியும் குழாயை விரலால் தடவினான். எண்ணெய்ப் பிசுக்கு! "கூலிங் காயில்தான் ஓட்டை" என்றான். கருவியே தேவைப்படாத விரல் அது. சேர்மத்துரை டேஷ்போர்டை அக்கக்காகக் கழற்றிப் புதுக் காயிலை மாட்டினான். திரும்பப் பூட்டி முடித்தபோது ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. முத்துமாலை புது டிரையரைப் பொருத்தி, குழாய்களில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு கேஸ் நிரப்பினாள். பதினொன்றரைக்கு ஏசி ஜிலுஜிலுவென்று வீசியது. மிக்கேலுக்கு அழுகையே வந்துவிட்டது.

சாவியைக் கொடுக்கப் போன முத்துமாலை சட்டைப் பையில் கையை விட்டதும் அப்படியே நின்றாள். டிரையரின் இரண்டு மூடிகள்! ஈரத்தை உறிஞ்சுவதுதான் டிரையரின் வேலை. அதனால் மாட்டுகிற நிமிடத்தில்தான் மூடியைக் கழற்ற வேண்டும். அவளோ அவசரத்தில் காலையிலேயே கழற்றிவிட்டாள். மூன்று மணி நேரம் கடற்காற்றைக் குடித்துக் கிடந்திருக்கிறது அது. வேறு யாரும் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, தப்பு என் மேலதான். டிரையர் ஈரம் குடிச்சிட்டு. உள்ள ஐஸ் கட்டி அடைச்சிரும். இந்தக் குளிர் மதுரை வழியில எட்டயபுரங்கூட தாண்டாது."

"இப்ப நல்லாத்தான வீசுது? மணி ஆகுதுல்லா!" என்றான் சேர்மத்துரை. சுயம்புவும் தலையாட்டினான்.

முத்துமாலை சாவியை விடவில்லை. நிரப்பிய கேஸை இறக்கினாள், ஸ்கூட்டரில் பறந்துபோய் வேறு டிரையர் வாங்கிவந்து மாட்டி, மறுபடி காற்றை உறிஞ்சி கேஸ் நிரப்பினாள். வண்டி புறப்படும்போது ஒன்றே கால். "எனக்குப் பட்டறை வேண்டாம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள்.

"மதுரை போயிட்டு நீங்களே சொல்லுங்க" என்று ஆவுடையப்பன் தீர்ப்பை மிக்கேலிடம் தள்ளிவிட்டார்.

நோயைக் கண்டவன் ஒருவன், மருந்திட்டவன் ஒருவன், தானே தவறு செய்து தானே திருத்தியவள் ஒருத்தி. புதுப் பட்டறை யாருக்குச் சேர வேண்டும்?

விடை: முத்துமாலைக்கே. ஆவுடையப்பன் கேட்டது பட்டறை வாசல்வரை குளிரும் வண்டியை அல்ல, மதுரைவரை குளிரும் வண்டியை. பதினொன்றரை மணிக்கு மற்ற இருவருக்கும் வேலை முடிந்துவிட்டது. அவள் ஒருத்திதான் மனதால் எட்டயபுரம்வரை போய்ப் பார்த்தாள். மூடிகளைத் தூக்கியெறிந்திருந்தால் பழி டிரையரின் மேல் போயிருக்கும். அவள் எறியவில்லை, அதுதான் பெரிய தொழில்காரியின் கை. நாலு மணிக்கு மதுரையிலிருந்து மிக்கேல் போன் செய்தான்: "அந்த அக்காவுக்கே குடுங்க அண்ணாச்சி. எட்டயபுரம் தாண்டையில எம்புள்ள குளிருதுன்னு போர்வை கேட்டா."