வில்லானியில் போட்ட பந்தல்

வீரணன் அண்ணன் நிஜமாகவே ஹங்கேரிக்குப் போனாரா, இல்லை திருப்பூரில் இரண்டு வருஷம் பனியன் மடித்துவிட்டு வந்தாரா என்பதில் திராட்சைக் கொடி வெட்டுகிற எங்கள் கவாத்து செட்டுக்குள் இரண்டு கட்சி இருந்தது. நான் திருப்பூர் கட்சி. அதற்குக் காரணமும் உண்டு. பொம்மியம்மாள் தோட்டத்தில் ஆறு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு முன்பெல்லாம் அவர்தான் கவாத்து மேஸ்திரி. அவர் கிளம்பிப் போனதும், இனி மொக்கராசுதான் மேஸ்திரி என்று அந்த இடம் எனக்கு வந்தது. இப்போது ஆள் திரும்பி வந்து இடத்தைக் கேட்கிறார்.

மறுநாள் கவாத்து ஆரம்பம். யார் மேஸ்திரி என்று சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்றுவிட்டார் தோட்டத்து முதலாளி பொம்மியம்மாள். இடம் போனால் நான் மறுபடியும் வெட்டிப்போட்ட குச்சியைப் பொறுக்க வேண்டியதுதான்.

மோட்டார் ரூம் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பொம்மியம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கத்திரிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுகிற தூரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு அண்ணன் ஆரம்பித்தார்.

"ஹங்கேரிக்காரனுக்குச் சொந்த ரகமும் நெறைய இருக்குப்பா. ஆனா பிரான்சுல இருந்து வந்த ரகத்தை வீட்டு மாப்பிள்ளை கணக்கா தாங்குறான். தாங்கத் தெரியாம தவிச்சுக்கிட்டிருந்தான். அப்பத்தான் நான் போயி எறங்குறேன்."

முதலில் எட்யெக் என்ற ஊராம். தலைநகரம் புடாபெஸ்டுக்குப் பக்கம், சுண்ணாம்பு மண். அங்கே ஷார்டனே, சோவின்யோன் பிளாங்க் என்று இரண்டு வெள்ளை ரகம். சோவின்யோன் பிளாங்குக்கு அறுத்த புல் வாசம் என்றார். அது வரைக்கும் சரி. இவர் முதல் குலையை வெட்டியதும் அந்த வாசத்துக்குப் பதினேழு மாடுகள் மலையிறங்கி வந்து நின்றனவாம்.

"மாட்டுக்குப் புல்லு கெடைக்கலியா?" என்று கேட்டாள் எங்கள் செட்டில் மூத்தவளான போதும்பொண்ணு அக்கா.

புல்லெல்லாம் பனிக்கு அடியில் கிடந்தது என்றார். பனி கொட்டுகிற காலத்தில் பழம் ஏது என்று நான் கேட்டேன். அது என் கைராசி என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்தது எகெர். அங்கே பினோ நுவார் என்று ஒரு கறுப்பு ரகம். தோல் அத்தனை மெல்லிசு, பக்கத்தில் நின்று தும்மினால் வெடித்துவிடுமாம். அதனால் காய் கறுக்க ஆரம்பித்ததும் ஊரே மூன்று மாதம் வாய் திறக்காது, கல்யாணம்கூடக் கைச்சாடையில்தான் நடக்கும். அண்ணன் ஒருவர் மட்டும் பேசலாம் என்று விதிவிலக்கு, குரல் அவ்வளவு மென்மை என்று. இங்கே அவர் இருமினால் அடுத்த ஊர் சுருளிப்பட்டியில் எழுந்து பார்ப்பார்கள். போதும்பொண்ணு அக்காவுக்கு டீ புரையேறியது.

பிறகு தெற்கே வில்லானி. வெயில் உள்ள ஊர் என்பதால் கறுப்பு ரகம் நன்றாக வருமாம். மெர்லோ சீக்கிரம் பழுக்கிற ஜாதி. காலையில் பச்சையாக இருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் பழுத்து, பொறுமையில்லாமல் தானே கூடைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும் என்றார். கேபர்னே சோவின்யோன் நேர் எதிர். மெர்லோ ஒயினாகி, ஊர் குடித்து, தலைவலியும் தெளிந்த பிறகுதான் அது மெதுவாகக் கறுக்கும்.

"தோலு தடிமன்னா தடிமன். ரெண்டு பழத்தை உரிச்சுச் செருப்பு தச்சுப் போட்டேன். ரெண்டு வருசமா தேயல."

அந்தச் செருப்பு எங்கே என்று நான் விடாமல் கேட்டேன். பழவகை கொண்டுபோகக் கூடாது என்று ஏர்போர்ட்டில் கழற்றிக்கொண்டார்களாம்.

எல்லோரும் சிரித்தார்கள். பொம்மியம்மாளும் குனிந்த தலையோடு சிரித்ததைப் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. ஆளை மயக்கிவிட்டார் போலிருக்கிறதே.

அண்ணனும் அதைப் பார்த்திருக்க வேண்டும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "கேபர்னே ஃபிரான்னு ஒண்ணு இருக்கு. லேசா கொடமொளகா வாசம் வரும், நான் பஜ்ஜியே போட்டேன். பிரான்சுல அதைப் பெரும்பாலும் மத்ததோட கலக்கத்தான் வச்சிருக்கான். வில்லானியிலதான் அது தனிக்காட்டு ராசா. ஆனா அங்க கொடியெல்லாம் கம்பி வேலியில வரிசையா நிக்கும். பந்தல்னா என்னன்னே தெரியாது. நான்தான் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, நம்மூருப் பந்தலு ஒண்ணு போட்டேன். ஒரே ஒரு கொடிய ஏத்திவிட்டேன்."

அந்தக் கொடி ஒரே வாரத்தில் பந்தலைத் தாண்டி, மலையைத் தாண்டி, பக்கத்து நாடான குரோஷியாவின் எல்லைக்குள் போய்விட்டதாம். எல்லைக் காவலர் கொடியைப் பிடித்து நிறுத்தி விசா கேட்டாராம். அண்ணன் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டு ஜாமீனில் எடுத்தாராம். அந்த ஒரு கொடிப் பழத்தை இறக்க இரண்டு நாட்டு லாரியும் போதவில்லை.

பொம்மியம்மாள் எழுந்து வந்தார். எண்ணெய் போட்ட கத்திரி ஒன்றை அண்ணன் கையில் கொடுத்து, தலைக்கு மேலே பந்தலில் இருந்த ஒரு குச்சியைக் காட்டி, "இதை வெட்டு" என்றார்.

கதை சொன்ன உற்சாகத்தில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. இடது கை குச்சியைப் பிடித்தது, வலது கை வெட்டியது. அழகான வெட்டு, கொஞ்சமும் நசுங்கவில்லை.

ஆனால் துளிர் கிளம்புகிற கண் இரண்டே இரண்டு விட்டு வெட்டியிருந்தார். எங்கள் பந்தலில் அஞ்சு கண் விட வேண்டும். அடிக்கண்ணில் பன்னீர் திராட்சை இலைதான் தள்ளும், பூ வராது. முதல் வருஷம் கத்திரி பிடிக்கிறவனுக்கே தெரிந்த விஷயம் அது. அண்ணன் அந்தக் கட்டைக் குச்சியையே பார்த்தார்.

"அங்க ரெண்டுதாம்மா விடுவோம்," என்றார் மெதுவாக. "கை பழகிப்போச்சு."

எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே செத்துப்போனது. அந்தக் குரலில் புளுகு இல்லை.

பொம்மியம்மாள் கத்திரியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நீ ஹங்கேரிக்குப் போனது நெசம்தான் வீரணா. ரெண்டு வருசம் ஒழுங்கா வேலையும் பாத்திருக்க, இனிமே யாரும் சந்தேகப்பட வேண்டாம்." அண்ணன் முகம் மலர்ந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அதனால நாளைக்கு மொக்கராசு பின்னால நின்னு குச்சி பொறுக்கு," என்றார் அம்மா.