நகம் தட்டும் இடம்

கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் சாந்தாமணியின் லேத்துப் பட்டறைக்குத் தொழில் கற்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் நாச்சிமுத்து. அவருக்கு அறுபத்தொன்று. சொல்லிக்கொடுக்கும் சாந்தாமணிக்கு நாற்பத்திரண்டு. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர் நாச்சிமுத்து. அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார். அவள் அவரை ‘சார்’ என்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று பிடிபடச் சற்று நேரமாகும்.

அவர் படிக்க வந்தது மகள் செம்மலருக்காக. அவள் கார்ப் பந்தயம் ஓட்டுகிறவள். வேண்டாம் என்று ஆறு வருடம் சொல்லிப் பார்த்தார். கெஞ்சினார், கத்தினார், மூன்று மாதம் பேசாமலும் இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. சரி, ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று போன வருடம் பந்தயத்துக்குப் போனார். அன்றைக்கென்று பார்த்து அவள் என்ஜினுக்குள் ஒரு கனெக்டிங் ராடு முறிந்தது. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனையும் அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கை அது. முறிந்த துண்டு என்ஜினைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது. சிந்திய எண்ணெயிலேயே வண்டி சறுக்கி, சுழன்று, புல்லில் போய் நின்றது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்துவிட்டாள். நாச்சிமுத்துவால்தான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

மறுவாரம், மகளின் என்ஜினுக்கு நாலு ராடு செய்யக் கற்றுத்தரச் சொல்லிப் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“நாலு ராடு நான் செஞ்சு தர்றனுங்க சார். நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க?” என்றாள் சாந்தாமணி.

“இல்லீங்க. நான்தான் செய்யணும்.”

“ஏனுங்க?”

“ஆறு வருஷமா போகாத, போகாதன்னு சொன்னது மட்டுந்தானுங்க நான் அவளுக்குப் பண்ணுனது.”

சாந்தாமணி அவரை உள்ளே கூப்பிட்டாள்.

முதல் மாதம் முழுக்க அவரை லேத்தைத் தொட விடவில்லை. முடித்த சாமான்களைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் தடவச் சொன்னாள். வழவழவென்று இருந்தால் நகம் ஓடும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் நகம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

“நகம் தட்டுதுங்களா?” என்று கேட்பாள்.

“தட்டலீங்க.”

“மறுக்காப் பாருங்க.”

பிறகு கடைசல், துளை, மில்லிங், பாலீஷ் என்று ஒன்பது மாதம் போனது. மனிதர் படித்தார். ஒரு காலத்தில் பையன்கள் தன்னிடம் பட்ட பாட்டையெல்லாம் தானும் பட்டுப் படித்தார். முதலில் செய்த ஆறு ராடுகளை சாந்தாமணி ஒவ்வொன்றாகச் சிவப்புப் பெயின்டில் முக்கி மூலையில் போட்டாள். சிவப்பு அடித்ததை யாரும் வண்டியில் மாட்டக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். நாச்சிமுத்து ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துணிப்பையில் நான்கு ராடுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வரிசையாக வைத்தார். கடைசிப் பாலீஷை வீட்டில் உட்கார்ந்து கையாலேயே போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அன்று மதியமே மெக்கானிக் ராடுகளை வாங்கிப் போய் என்ஜினைப் பூட்ட வேண்டும்.

“மார்க்குப் போடுங்க டீச்சர்,” என்றார்.

சாந்தாமணி ஒவ்வொன்றாக அளந்தாள். துளை சரி. நீளம் சரி. நகைத் தராசில் நிறுத்தாள். நான்குக்கும் ஒரே எடை. அவர் முகத்தைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. அதை மறைத்துக்கொண்டு, கண்ணை மூடி நகத்தை ஓட்டினாள்.

முதல் ராடின் நடுத்தண்டில், விளிம்போரம், நகம் நின்றது.

“தட்டுதுங்க சார்.”

“இருக்காதுங்களே!”

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தாள். எள்ளளவுக்கு ஓர் எழுத்து இருந்தது. கூரான ஊசியால் அழுத்தி, திருத்தமாக எழுதிய ‘உ’.

நாச்சிமுத்து சிரித்தார். “ஓ, அதுங்களா! நான் பயந்துட்டனுங்க. அது பிள்ளையார் சுழிங்க. நேத்து பாலீஷ் முடிச்சதும் போட்டேன். நல்ல காரியமில்லீங்களா?”

“நாலுலயும் போட்டிருக்கீங்களா?”

“ஒண்ணுல மட்டுந்தானுங்க. முதல் பக்கத்துலதான போடுவோம்?”

சாந்தாமணிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. உள்ளே போய் இரண்டு மெல்லிய கம்பிகளை எடுத்து வந்தாள். ராடு செய்த அதே இரும்பில் அவர் பழகுவதற்குக் கடைந்தவை. ஒன்றை, சாமானைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் நிறுத்தி இறுக்கினாள். கம்பியின் தலையில் ஒரு குழாயை மாட்டினாள்.

“இப்படியும் அப்படியும் வளைங்க சார். எண்ணிக்கிட்டே வளைங்க.”

அவர் வளைத்தார். இருபதுக்கு மேல் மூச்சு வாங்கியது. முப்பதில் அவளே நிறுத்தச் சொன்னாள். கம்பி கோணிக்கொண்டு நின்றது, உடையவில்லை.

“நல்ல இரும்புங்க,” என்றார் பெருமையாக.

அவள் இரண்டாவது கம்பியையும் ஊசியையும் அவர் கையில் கொடுத்தாள். “இதுல எழுதுங்க.”

“என்னங்க எழுதறது?”

“அதையேதானுங்க.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பழகிய கையால் ‘உ’ போட்டார். எழுத்து வைஸின் வாய்க்கு நேர் மேலே வரும்படி அவள் கம்பியை மாட்டினாள்.

“வளைங்க.”

பதினொன்று எண்ணியபோது ‘டக்’ என்றது. குழாயோடு பாதிக் கம்பி அவர் கையில் வந்துவிட்டது. முறிந்த இடத்தை அவர் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். சுழியின் அடிக்கோட்டிலேயே கிழித்து வைத்த மாதிரி உடைந்திருந்தது.

ஓடுகிற என்ஜினில் ராடு ஒரு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இழுபடும் என்று அவள் இரண்டாம் மாதமே சொல்லியிருந்தாள். அதை அவர் நோட்டில் எழுதியும் வைத்திருந்தார்.

“உங்க லேத்துலயே பொட்டு இருக்குதுங்களே, டீச்சர்,” என்றார் மெதுவாக.

சாந்தாமணி ஒரு பழந்துணியை எடுத்து லேத்தின் நெற்றியில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஒரே துடையில் துடைத்துக் காட்டினாள்.

“தேய்ச்சு எடுத்துட முடியாதுங்களா?” என்று கேட்டார்.

“எடுக்கலாமுங்க. எழுத்துப் போயிடும். ஊசி அடியில எதுவரைக்கும் கீறியிருக்குதுன்னு என்னால சொல்ல முடியாது. உங்களால முடியுமுங்களா?”

அவர் முறிந்த கம்பியை மேசைமேல் வைத்தார்.

“பொண்ணு உங்களது. நீங்களே சொல்லுங்க சார். மாட்டட்டுமா?”

நாச்சிமுத்து எழுந்தார். ராடை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். பெயின்ட் டப்பாவைத் திறந்து அதைத் தானே முக்கினார். சிவப்பு சொட்டச் சொட்ட, மற்ற ஆறின் பக்கத்தில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார். விரலில் பெயின்ட் இருந்ததால் போனை மேசைமேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்தார்.

“அப்பா! ராடு ரெடியா? மெக்கானிக் கெளம்பிட்டாருப்பா.”

“மலரு, ஒரு ராடு வீணாப் போச்சு சாமி. இந்த ஞாயித்துக்கெழம வேண்டாம்.”

அந்தப் பக்கம் குரல் மாறியது.

“எனக்குத் தெரியும்ப்பா. நீங்க செய்யறேன்னு சொன்னப்பவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. கடைசி நேரத்துல வேண்டாம்னு சொல்றதுக்குத்தான இவ்வளவும்?”

கிழவருக்கு முகம் சுருங்கிப்போனது. சாந்தாமணி போனை நோக்கி ஓர் அடி வைத்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“இல்ல சாமி. தப்பு என்னுது. நான் அதுல எழுதிப்போட்டேன்.”

“என்ன எழுதுனீங்க?”

“உ போட்டேன்.”

“என்னது?”

“பிள்ளையார் சுழி. உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு.” அவர் மேசைமேல் கிடந்த முறிந்த கம்பியைப் பார்த்தார். “அந்த எடத்துலதான் ஒடையுமாம். டீச்சர் ஒடச்சே காட்டிட்டாங்க.”

முதலில் ஏதோ விசும்பல் மாதிரிக் கேட்டது. அப்புறம்தான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டும்தான் போலிருக்கிறது.

“கணக்கு நோட்டுலகூட உ போடாம வந்தா வாசல்ல நிக்க வெப்பீங்களேப்பா.”

“ஆமா சாமி.”

“அடுத்த பந்தயம் ஐப்பசியில இருக்குது.”

“அதுக்குள்ள செஞ்சுடறேன்.”

“எழுதாமச் செய்யுங்க,” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்மலர் தடத்தின் ஓரத்தில் நின்று மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்தாள். பக்கத்தில் நாச்சிமுத்துவும் நின்றார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சேர்ந்து போனார்கள், சேர்ந்து திரும்பினார்கள்.

ஐப்பசி பிறந்தபோது புது ராடு தயார். மற்ற மூன்றோடு அதையும் மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைத்தாளில் சுற்றியிருந்தது. தாளின் தலைப்பில் மையால் ‘உ’ போட்டிருந்தது. இந்தத் தடவை நான்கிலும் போட்டிருந்தார்.

“தாள்ல போடலாமில்லீங்களா?”

“தாள்ல எத்தனை வேணும்னாலும் போடுங்க சார்.”

அவள் தாளைப் பிரித்தாள். அளந்தாள், நிறுத்தாள். கண்ணை மூடி, ஒவ்வொரு ராடிலும் மேலிருந்து கீழ்வரை நகத்தை ஓட்டினாள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஓட்டினாள்.

“தட்டலீங்க.”

“மறுக்காப் பாருங்க,” என்றார் அவர். பார்த்தாள். தட்டவில்லை.

மெக்கானிக் வந்து நான்கையும் எண்ணெய்த் துணியில் பொதிந்து எடுத்துப் போனான். தாள்கள் மேசைமேல் கிடந்தன. நாச்சிமுத்து அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், மடித்தார், மறுபடி பிரித்தார். வீட்டுக்குக் கிளம்ப மனமில்லாமல் நின்றார்.

“இன்னும் என்னங்க சார்?”

“ஒண்ணுமில்லீங்க. என்ஜினுக்குள்ள போயிட்டா கண்ணுக்கே தெரியாது. ஒரு பேரில்ல, ஒரு புள்ளி இல்ல. அந்த வேகத்துல போறப்போ, அப்பன் செஞ்சதுன்னு அவளுக்கு ஒரு நெனப்பு வர்றதுக்கு அதுல என்னங்க இருக்குது?”

சாந்தாமணி லேத்தை நிறுத்தினாள்.

“பந்தயம் முடியற வரைக்கும் அவங்களுக்கு உங்க நெனப்பே வரக் கூடாதுங்க சார்,” என்றாள். “அப்படித்தானுங்க செஞ்சிருக்கீங்க.”