ஒரு கை பிடிக்க

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், ஆற்றோரமாக ஒரு சிறிய மடம். அதன் தலைவர் முத்தையா அடிகளுக்கு வயது நாற்பத்தைந்து. அவருடைய சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்து நான்கு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது.

சித்திரையில் அவருடைய எதிர்வீட்டுத் தணிகாசலம் இறந்துபோனார். தனியாக இருந்த மனிதர். சிலிண்டர் போட வந்தவர்தான் கதவைத் தட்டிப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஆள் கூப்பிட்டார். உயிர் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளும் ஏகாம்பரம் அந்த வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போய்வந்தார்.

அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடிகளிடம் கேட்டுக்கொண்டு, மடத்தில் சும்மா கிடந்த மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்தார். வீட்டிலிருந்த ரம்பம், இழைப்புளி, உளி எல்லாவற்றையும் கொண்டுவந்து சுவரில் வரிசையாக மாட்டினார். வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தார்: 'தனிமையில் வாடும் ஆண்களுக்கான பட்டறை. அனைவரும் வருக.'

ஒரு மாதம் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை.

"வீடு வீடாப் போய்ச் சொன்னேன் சாமி. நல்ல காரியம்னு எல்லாரும் சொல்றாங்க. வரத்தான் மாட்டேங்கிறாங்க."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"தாலுகா ஆபீஸ்ல இருந்தாரே சிகாமணி, அவர்கிட்ட. 'வேதகிரிதான் பாவம் தனியா இருக்காரு, அவரைக் கூப்பிடுங்க'ன்னாரு. வேதகிரிகிட்ட போனா, 'ஐயோ பாவம், சிகாமணியை மொதல்ல கூப்பிடுங்க'ங்கிறாரு."

அடிகள் சிரித்தார்.

"நீங்க?"

"நான் நடத்துறவன் சாமி. எனக்கென்ன குறை?"

"சரி" என்றார் அடிகள்.

மறுநாள் காலை அவரே ஏகாம்பரத்தை அழைத்தார். மடத்துச் சாமான் அறைக் கதவின் மேல் கீல் பிடுங்கிக்கொண்டு, கதவு சாய்ந்து நின்றது. பழைய தேக்கு. நல்ல கனம்.

"இதைச் சரி பண்ணணும்."

"பண்ணிடலாம். ஒருத்தர் தாங்கிப் பிடிக்கணும் சாமி. நீங்க இந்தப் பக்கம்..."

"நான் பிடிக்க மாட்டேன். யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க."

சொல்லிவிட்டு அடிகள் கொட்டகைக்குப் போனார். வாசலில் இருந்த பலகையைக் கழற்றி எடுத்துவந்து, கதவுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். கதவு அசையாமல் நின்றது.

ஏகாம்பரம் பலகையைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு நடந்தார். சிகாமணி வீட்டு வாசலில் நின்றதும் கேட்க வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் செய்து கொடுத்துப் பழகிய மனுஷன். கேட்டுப் பழக்கமில்லை.

"சிகாமணி, ஒரு கதவைத் தூக்கணும். என்னால தனியா முடியல. ஒரு கை பிடிக்க வர்றீங்களா?"

சிகாமணி சட்டை கூடப் போடவில்லை. துண்டைத் தோளில் போட்டபடி இறங்கி வந்துவிட்டார்.

சாயங்காலம் ஏகாம்பரம் அடிகளிடம் வந்தார். வேட்டியெல்லாம் மரத்தூள்.

"மத்தியானம் வரைக்கும் இருந்தாரு சாமி. கதவைப் பிடிச்சுக்கிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே பேசினாரு. சாப்பிடும்போது யாராவது பேசுற சத்தம் வேணும்னு டிவியைப் போட்டு வச்சுக்குவாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஏகாம்பரம் கையிலிருந்த தூளைத் தட்டினார். வெகுநேரம் தட்டினார்.

"நானும் அப்படித்தான்னேன்."

ஏகாம்பரம் திண்ணையில் உட்கார்ந்தார்.

"இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல சாமி. மகள்கிட்ட கூட."

ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. ஏகாம்பரம் எழுந்துகொண்டார்.

"கதவுல ஒரு சின்னக் குறை இருக்கு. சாத்தும்போது ஓரம் நிலையில உரசுது. அந்தப் பக்கம் அவர் இழைச்சது. பழக்கமில்லாத கை, சரியா வரல. அஞ்சு நிமிஷ வேலைதான். இப்பவே நான் இழைச்சுட்டுப் போயிடறேன்."

"உரசட்டும்" என்றார் அடிகள். "நாளைக்கு அவரைக் கூப்பிட உங்களுக்கு ஒரு காரணம் வேணாமா?"