கீரி பிடித்து வைத்த ஒன்பது

ஒரு காட்டில், குழந்தைகளே, யாருக்கு எந்த வீடு என்று தகராறு வந்தால் சீட்டாடித் தீர்த்துக்கொள்வார்கள். ஒருவரையொருவர் கடித்துக்கொள்வதைவிட அது நல்லதுதானே?

அங்கே நாவல் மரத்தடியில் ஒரு பெரிய பொந்து காலியாயிற்று. வெளியே எவ்வளவு மழை கொட்டினாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. கீரிக்கு அது கட்டாயம் வேண்டும். போன மழையில் அதன் வளைக்குள் வெள்ளம் புகுந்து, குட்டிகள் நடுங்கிக்கொண்டே கிடந்தன. முள்ளம்பன்றிக்கும் பொந்தின்மேல் ஆசைதான். அதற்குப் பாறை இடுக்கில் ஒரு வீடு உண்டு. கொஞ்சம் நெருக்கடி, அவ்வளவுதான்.

"உட்காருங்க, ஆடுங்க" என்றது நடுவரான குரங்கு.

ஆட்டம் எளிது. ஒன்று முதல் பத்து வரை கோடு கீறிய தேக்கிலைச் சீட்டுகள், ஒவ்வொரு எண்ணிலும் பல உண்டு; அவற்றைக் கலைத்து, ஆளுக்குப் பாதி கொடுப்பார்கள். மாறி மாறித் தன் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நடுவில் ஒன்றின்மேல் இரண்டு, இரண்டின்மேல் மூன்று என்று பத்து வரை அடுக்கலாம். நடுவிடம் இருவருக்கும் பொது. போட முடியாத சீட்டை, அல்லது போட மனமில்லாத சீட்டை, தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்தக் குவியலில் மேலே இருப்பதை மட்டுமே பிறகு எடுக்கலாம். பக்கத்துக் குவியலும் சேர்த்து முதலில் சீட்டு தீர்ந்தவருக்குப் பொந்து. அந்தி சாய்வதற்குள் யாருக்கும் தீரவில்லை என்றால், அடுத்த மழைக்காலம் வரை பொந்து யாருக்கும் கிடையாது.

அவரவர் சீட்டை அவரவர் அடுக்கும் ஆட்டம்தான். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதில்தான் வம்பு!

கீரிக்கு எடுத்த எடுப்பிலேயே ஒன்று வந்தது.

"என்னங்க, ஒன்று வந்துடுச்சு! நடுவுல போடுங்க" என்றாள் கீரியின் மனைவி.

"சும்மா இரு. அவன் பக்கத்துல பார், இரண்டு தயாரா இருக்கு. நான் ஒன்றைப் போட்டா அவன் சீட்டு ஏறிடும்" என்று கிசுகிசுத்த கீரி, அந்த ஒன்றைத் தன் பக்கத்தில் அடிச்சீட்டாக வைத்துக்கொண்டது.

"அடடா! என்ன மூளை!" என்றது குரங்கு. அவ்வளவுதான், கீரிக்குத் தலைகால் புரியவில்லை.

முள்ளம்பன்றி எதையும் கவனிக்கவில்லை. தனக்கு ஒன்று வந்தபோது போட்டது, இரண்டை அதன்மேல் ஏற்றியது. பிறகு கீரிக்கு மூன்று வந்தது.

"போடுங்க! உங்ககிட்ட நாலும் இருக்கே!"

"அவன்கிட்டயும் நாலு இருக்கு. முந்திப் போட்டுட்டான்னா?"

அந்த மூன்றும் கீரியின் குவியலில் அடக்கமாகிவிட்டது. அப்புறம் ஆறு, ஏழு. நல்ல சீட்டு வரவர, கீரியின் பக்கத்துக் குவியல்தான் வளர்ந்தது. நடுவில் சில அடுக்குகள் பத்து வரை ஏறி முடிந்தன. பெரும்பாலும் முள்ளம்பன்றியின் சீட்டுகள்.

"கீரியண்ணே, நீங்க ஆடவே மாட்டேங்கிறீங்களே?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"நான் ஆடுற ஆட்டம் உனக்குப் புரியாது, தம்பி" என்றது கீரி.

சூரியன் மலையைத் தொட்டது. முள்ளம்பன்றியிடம் ஒரே ஒரு சீட்டு மிச்சம்: பத்து. நடுவில் ஒரே அடுக்கு, எட்டில் நின்றது. புது அடுக்கு தொடங்க ஒன்று வேண்டும். மிச்சமிருந்த ஒரே ஒன்று, கீரியின் குவியலுக்கு அடியில், அது முதலில் ஒளித்த இடத்திலேயே கிடந்தது. அந்தக் குவியலின் உச்சியில் ஒன்பது.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்தது.

"ஒன்பதைப் போட்டா அவன் பத்தைப் போட்டு ஜெயிச்சுடுவான்" என்றது கீரி.

"போடாட்டி நாம ஜெயிப்போமா?"

"மாட்டோம். ஆனா அவனும் ஜெயிக்க மாட்டான்!"

கீரி ஒன்பதின்மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டது. குட்டிகள் நனைந்து தாயின் வயிற்றுக்கடியில் ஒண்டின. சூரியன் மறைந்தது.

"ஆட்டம் முடிஞ்சது. பொந்து யாருக்கும் இல்லை" என்றது குரங்கு.

"பார்த்தாயா? நான் தோற்கவே இல்லை!" என்று மனைவியிடம் குதித்தது கீரி.

முள்ளம்பன்றி எழுந்து முட்களை உதறியது.

"சரி அண்ணே, நான் பாறைக்கே போறேன். என்ன, பொந்து பெரிசு. ஜெயிச்சா உங்க குட்டிகளையும் ஒரு பக்கமா வெச்சுக்கலாம்னு நினைச்சிருந்தேன்."

அது போய்விட்டது. மழை வலுத்தது. காய்ந்த பொந்து காலியாகக் கிடக்க, அதன் வாசலுக்கு எதிரே கீரி குடும்பத்தோடு நனைந்துகொண்டிருந்தது. காலை மட்டும் ஒன்பதின்மேலிருந்து எடுக்கவில்லை.

நீதி: அடுத்தவர் முன்னேறக் கூடாது என்பதற்காகவே ஆடுகிறவர், தாம் முன்னேறும் வழியையும் மூடிவிடுகிறார்.